பதினேழாம் எண்ணுக்கு ஒரு பெயர்

ஹமாத் தெரு,
டிசம்பர் பத்து.

அன்பு மகள் தொகிவாவுக்கு அம்மா கினுயோ எழுதுவது. கடல் காற்று எலும்பைத் துளைக்க ஆரம்பித்துவிட்டது, கொல்லை ஆரஞ்சு பழுத்துவிட்டது, உன் அப்பா காலையில் எழுந்ததும் இருமி முடித்து உன்னைப் பற்றித்தான் கேட்கிறார், அந்த மட்டில் இங்கே சுகம். நீயும் வியன்னாவில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, கழுத்துக்குத் துணி சுற்றாமல் பனியில் இறங்காமல், நல்லபடியாக இருக்க வேண்டும். கருவாடும் உப்பிட்ட பிளம்ஸும் தனிப் பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன், அந்த ஊர் ரொட்டியோடு தொட்டுக்கொண்டு பாழாக்காதே, சோறு வடித்துச் சாப்பிடு. இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதா என்று நீ கேட்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ குறுக்கே புகுந்து எனக்கே கணக்குச் சொல்லிக்கொடுப்பாய். கடிதத்தில் அது நடக்காது. கடைசி வரை படித்தே ஆக வேண்டும்.

இதை எழுதவே கூடாது என்று உன் அப்பா இரண்டு நாளாக என்னோடு பேசாமல் இருக்கிறார். உன் மாமா இவாவோ ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி என் கையைப் பிடித்துச் சத்தியம் கேட்டான், நான் கையை உதறிவிட்டு வந்தேன். போன வாரம் திருவிழாக் கமிட்டித் தலைவர் நோகாமி நம் எலும்பு வைத்தியசாலைக்கு வந்தார். இடுப்புப் பிடிப்பு என்று சொல்லிக்கொண்டு வந்தாலும் அவர் வந்தது அதற்காக இல்லை. நீ அவருக்கு எழுதியிருந்ததைப் போனில் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். ஒரே ஒரு வருடத்தை வைத்து உன் கணக்கைத் தப்பு என்று சொல்லக்கூடாது, விலக்கி வைத்த பதினேழாம் எண் தடையை மீறி உள்ளே நுழைந்ததால்தான் இவ்வளவும் நடந்தது, அடுத்த வருடம் திருவிழாவின்போது அந்த ஆள் ஊரிலேயே இருக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறாய். படித்தேன். படித்துவிட்டு நோகாமியின் இடுப்பை நான் திருகிய திருகலில் அவர் அலறியது துறைமுகம் வரை கேட்டிருக்கும். அவர் மேல் இருந்த கோபம் இல்லை அது.

தொகிவா, பதினேழாம் எண் யார் என்று உனக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்று நீயேதான் சட்டம் போட்டாய். பெயர் வேண்டாம், எண் போதும், பெயர் தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாயும் என்றாய். அது நேர்மை என்று நானும் நினைத்தேன். அந்த எண் உன் இவாவோ மாமா. வேடிக்கை பார்க்கப் போய்த் தேர்க்கூட்டத்தில் மாட்டிக்கொண்டேன் என்று உன்னிடம் போனில் சொல்லிச் சிரித்தானே, நீயும் பெட்டி நிறையச் சாக்லேட் அனுப்பினாயே, அந்த மாமாதான். ஊர் முழுக்கத் தெரியும், உனக்கு மட்டும் தெரியாது. உன்னிடம் சொல்லக்கூடாது என்று ஒவ்வொருவரிடமும் அவன் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறான்.

இப்போது நாற்காலியை விட்டு எழுந்து அறைக்குள் நடப்பாய். நட. பிறகு உட்கார்ந்து மேலே படி. உன்னை அழவைக்க நான் எழுதவில்லை, அழுதாலும் தடுக்கமாட்டேன்.

நீ எங்கிருந்து கிளம்பினாய் என்பதை யோசித்துப் பார். பெண்பிள்ளை தேரைத் தொடக்கூடாது என்று விரட்டியதால் நம் துணி காயப்போடும் மாடியில் உட்கார்ந்து, கீழே ஹமாவின் நீலச் சட்டைக்காரர்களும் மேட்டுத் தெரு ஒகாவின் சிவப்புச் சட்டைக்காரர்களும் ஒருவர் மண்டையை ஒருவர் பிளப்பதைப் பார்த்துக்கொண்டு, பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் ஆளுக்கு ஒரு புள்ளியும் அடிக்கு ஒரு கோடும் போட்டவள் நீ. பத்து வயதுப் பெண் வரைகிற படமா இது என்று நான் அடுப்பில் போட்டேன். நீ மறுபடி வரைந்தாய். டோக்கியோவுக்குப் படிக்கப் போய், ஓர் ஊரில் மின்சாரம் போனால் அடுத்த ஊரும் ஏன் இருளுகிறது, காய்ச்சல் யாரைத் தொட்டு யாருக்குப் போகிறது, பொய் எப்படி ஊர் சுற்றுகிறது, எல்லாம் அதே புள்ளியும் கோடும்தான் அம்மா என்று எழுதினாய். உன் பேராசிரியர் அதைப் பெண்களின் பின்னல் வேலை என்று கிண்டல் செய்தார் என்பதற்காக மூட்டையைக் கட்டிக்கொண்டு வியன்னாவுக்குப் போனாய். நடுப்புள்ளியைப் பிடுங்கிவிட்டால் எவ்வளவு பெரிய வலையும் துண்டு துண்டாகிவிடும் என்று நீ எழுதியதற்குப் பரிசு கொடுத்தார்கள். அந்தப் போட்டோவை நான் எக்ஸ்ரே விளக்குப் பலகையில் மாட்டி வைத்திருக்கிறேன், கை முறிந்து வருகிறவன் எல்லாம் முதலில் உன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கத்த வேண்டும்.

அதனால்தான் போன வருடம் நீ முன்னோர் பூஜைக்கு வந்திருந்தபோது நோகாமி முலாம்பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். வருஷா வருஷம் ஆள் முடமாகிறான், போலீஸ் திருவிழாவையே நிறுத்திவிடும், நீதான் ஒரு வழி சொல்ல வேண்டும் என்றார். திருவிழாவைப் போனில் படம் பிடித்தவர்களிடமெல்லாம் கமிட்டி வாங்கி, முகத்தை மறைத்து எண் ஒட்டி அனுப்பியதில், யார் யாரைத் தொட்டு அடித்தான் என்று கம்ப்யூட்டரை எண்ண வைத்து, நீ ஒரு படம் அனுப்பினாய். நடுவில் தோசைக்கல் அளவுக்கு ஒரு கரும்புள்ளி, அதிலிருந்து எல்லாப் பக்கமும் கோடு. எந்தச் சண்டையை எடுத்தாலும் பதினேழு அதில் இருக்கிறது, அந்த ஒருவரை வீட்டில் உட்கார வைத்தால் போதும், சண்டை பரவாது என்றாய். நோகாமி தன்னிடம் இருந்த பட்டியலில் எண்ணைப் பெயரோடு ஒத்துப்பார்த்துவிட்டுச் சிரித்தார். இதற்குக் கம்ப்யூட்டர் எதற்கு, போக்கிரி யார் என்று நாய்க்குட்டிக்குக் கூடத் தெரியுமே என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. முப்பது வருடமாக ஒவ்வொரு திருவிழா முடிந்ததும் அவன் விலாவை நான்தான் கட்டுகிறேன், சிப்பிப் பண்ணையைப் பார்க்காமல் ஊர்ச் சண்டைக்கெல்லாம் முதல் ஆளாகப் போகிறாயே மடையா என்று திட்டித் திட்டித்தான் கட்டுகிறேன், பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நோகாமி போய் அவனிடம் சொன்னபோது நானும் கூட இருந்தேன். சிப்பி உடைத்துக்கொண்டிருந்தவன் கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவினான். அப்புறம், "எம் மருமக போட்ட கணக்கா? அப்ப சரியாத்தான் இருக்கும். நான் வரல. சொல்லிடுங்க" என்றான். நீலச் சட்டையை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டான்.

திருவிழா அன்று மதியம் தேர் இரண்டும் கோயில் கல்வாசலுக்கு முன்னால் முட்டிக்கொண்டபோது நான் வழக்கம்போல வைத்தியசாலையில் வெந்நீரும் கட்டுத்துணியுமாக இருந்தேன். எப்போதும் எனக்கு வருவது மூக்கும் முட்டியும்தான். உடைந்த மூக்கு, கழன்ற விரல், பிளந்த புருவம், பேசிக்கொண்டே சரிசெய்து அனுப்பிவிடுவேன். இந்தத் தடவை முதல் ஆளே மண்டையோடு விரிந்து வந்தான். அடுத்தவனுக்குத் தொடை எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. ஒருவனுக்குக் காது பாதி இல்லை, கடித்துத் துப்பியிருக்கிறார்கள், பற்குறி அப்படியே இருந்தது. சட்டை நீலமா சிவப்பா என்று தெரியவில்லை, எல்லாம் ஒரே நிறம். ஆம்புலன்ஸ் கூட்டத்துக்குள் நுழைய முடியவில்லை, தாழ்வாரம் நிறைந்து வழிந்தது, உன் அப்பா துண்டைப் பிழிந்து பிழிந்து ஊற்றிய தண்ணீர் வாசல் வழியாகத் தெருவுக்கு ஓடியது. காத்திருக்கும் இடத்திலேயே இரண்டு பேர் மறுபடி எழுந்து, கட்டுப் போட்ட கையாலேயே ஒருவனை ஒருவன் குத்திக்கொண்டார்கள். நான் தைலப் பாட்டிலை ஒருவன் தலையில் உடைத்தேன், பிறகு நானே தையலும் போட்டேன்.

அப்போதுதான் ஒகாத் தேரின் முன்தடி பிடிக்கிற மகிதாவைத் தூக்கி வந்தார்கள், மீன் லாரி ஓட்டுகிறவன், எருமை மாதிரி உடம்பு. தோள் கழன்று முதுகுப் பக்கம் போயிருந்தது. நான் காலை அவன் அக்குளில் ஊன்றிக் கையை இழுத்தபோது வலியில் அவன் கத்தியது இதுதான்: "எங்க போனான்கா உன் தம்பி? அவன் வந்து என் மூஞ்சியில ஒண்ணு வுட்டிருந்தா நான் அப்பவே வீட்டுக்குப் போயிருப்பனே! யாரு வந்து நிறுத்துவான்னு பாத்துக்கிட்டே அடிச்சேன்கா, யாருமே வரல, நிறுத்த முடியல!" பக்கத்துப் படுக்கையில் கிடந்த ஹமாக்காரன், மகிதாவைக் கொல்ல வந்தவன், அவனும் தலையை ஆட்டினான். "ஆமா. இவாவோ அண்ணன்கிட்ட வாங்கிட்டா அன்னிக்கு சண்டை முடிஞ்சுது. பயந்து போனான்னு எவனும் சொல்லமாட்டான்" என்றான். எனக்குக் கை நின்றுவிட்டது. மகிதாவின் தோள் பாதியில் நின்று அவன் ஊளையிட்டான்.

விளங்குகிறதா கண்ணு? இரண்டு தெருவிலும் இது எல்லா ஆம்பிளைக்கும் தெரியும், எவனும் வாய்விட்டுச் சொன்னதில்லை, சொன்னால் மானம் போய்விடுமாம். எவன் வெறி பிடித்து நிற்கிறானோ அவனிடம் இவாவோ போவான், அவனை ஒன்று அடிப்பான், அவனிடம் நான்கு வாங்குவான், அவன் தணிந்து வீட்டுக்குப் போவான், இவன் அடுத்தவனிடம் போவான். உன் படத்தில் எல்லாக் கோடும் அவனிடம் போனது அதனால்தான். நீ கோட்டை எண்ணினாய். அவனைத் தொட்ட பிறகு அந்த ஆள் வேறு யாரையாவது தொட்டானா என்று பார்த்தாயா? அந்தப் படங்கள் எல்லாம் உன்னிடம்தான் இருக்கின்றன. எனக்கு உன் கணக்கு தெரியாது, நீயே போய்ப் பார்.

சிப்பிக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவனுக்கு மேளம் நின்றது கேட்டிருக்கிறது. தேர் நிற்காமல் மேளம் நிற்காது. இடுப்பில் கட்டிய ரப்பர் துணியைக்கூட அவிழ்க்காமல் ஓடியிருக்கிறான். கயிறு கட்டி நின்ற கமிட்டிப் பையன்கள் மறித்து, "மாமா, உங்கள உள்ள விடக்கூடாதுன்னு உத்தரவு" என்றார்களாம், அவன் வளர்த்த பையன்கள்தான். கயிற்றைத் தாண்டிக் குதித்தான். நீலச் சட்டை இல்லை, தலைத்துண்டு இல்லை, அந்தப் புழுதியில் அவனை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. ஒகாத் தேரின் தடிக்கும் கல்தூணுக்கும் நடுவில் நம் ஹமாத் தெருச் சகாகி அண்ணன் மகன் ஷுன்பெய் மாட்டியிருந்தான். அவனை இழுக்கக் குனிந்தபோது பின்னாலிருந்து எவனோ கட்டையால் பிடரியில் போட்டான். விழுந்தவன் கால் மேல் சக்கரம் ஏறியது. ஒரே பலகையில் இரண்டு பேரையும் என்னிடம் கொண்டுவந்தார்கள். ஷுன்பெய் நெஞ்சில் கை வைத்தேன், உள்ளே எலும்பு என்று ஒன்று இல்லை, நொறுங்கின அப்பளம் போல இருந்தது. என் மடியில்தான் போனான், பெண் பார்த்து முடித்திருந்தார்கள். இவாவோவின் முழங்காலுக்குக் கீழே இருந்ததை நான் ஒட்ட முடியாது என்று பார்த்ததுமே தெரிந்தது. என் தம்பி காலைக் கட்டுத்துணியில் சுற்றி ஐஸ் பெட்டியில் வைத்து நானேதான் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனேன், அவர்களாலும் முடியவில்லை. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அதோடு முடியவில்லை. ஷுன்பெய்யின் நாற்பத்தொன்பதாம் நாள் பூஜை முடிந்ததும் ஒகாவில் ஒரு வீடு இல்லாமல் கொளுத்துவேன் என்று சகாகி சொல்லித் திரிந்தார். தெரு முழுக்கத் தேர்க்கட்டைகளைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள், ஒகாவிலும் கல்லும் கடப்பாரையும் கூரையில் ஏறிவிட்டன, போலீஸ் வேன் ஒன்று பெயருக்கு நின்றது. பூஜை அன்று காலை இவாவோ என்னை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி, "அக்கா, சக்கர நாற்காலிய மேடு வரைக்கும் தள்ளுவியா? என்னால முடியல" என்றான். முடியாது, பைத்தியமா உனக்கு, ஒரு கால் போதாதா, என்று வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். அந்த மேடு முழுக்கத் திட்டிக்கொண்டேதான் தள்ளினேன். என்னிடமிருந்து திரும்ப வாங்கிய நீலச் சட்டையை மடியில் வைத்திருந்தான், போட்டுக்கொள்ளவில்லை.

வளைவில் இரண்டு கூட்டத்துக்கும் நடுவே நாற்காலியை நிறுத்தச் சொன்னான். சகாகி கட்டையோடு வந்து, "நவுருடா நொண்டி" என்றார். இவன் சிரித்துக்கொண்டே, "அண்ணே, எப்பவும் மொத அடி எனக்குத்தான? என்ன அடிச்சிட்டு மேல போ" என்றான். நான் நாற்காலியைப் பின்னால் இழுத்தேன், இவன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டான். சகாகி அடித்தார், தொகிவா. காறை எலும்பு உடைந்த சத்தம் எனக்குத் தெரியாதா, காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரி கேட்டது. இரண்டாவது அடி வாயில், பல் என் காலடியில் வந்து விழுந்தது. மூன்றாவதற்குக் கட்டையை ஓங்கியவர் கை மேலேயே நின்றது. இவன் ரத்தத்தைத் துப்பிவிட்டு, "உம் மவன வெளிய இழுக்கணும்னுதான் வந்தேண்ணே. ஒரு நிமிஷம் முந்தி வந்திருக்கணும். என்ன விடல" என்றான். கட்டை கீழே விழுந்தது. சகாகி நடுத்தெருவில் உட்கார்ந்து, பெற்றவன் எப்படி அழுவானோ அப்படி அழுதார். மேட்டிலிருந்து மகிதா கட்டுப் போட்ட தோளோடு இறங்கி வந்து தரையில் நெற்றியை வைத்தான். பின்னால் ஒவ்வொருவனாகக் கல்லைக் கீழே போட்டான். நான் அங்கேயே தம்பியின் தோளுக்குக் கட்டுப் போட்டேன், சகாகிதான் துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

கட்டுப் போடும்போது பல் இல்லாத வாயால் அவன் என்னிடம் சொன்னது, "தொகிவாகிட்ட சொல்லிடாதக்கா. பாவம் புள்ள, கணக்கு கெட்டுப்போச்சுன்னா வேலையே போயிடும்." நான் முடிச்சை இறுக்கினேன். நோகாமியிடமும் அன்றே பேசினேன், அவன் பேர் உங்கள் கையில் இருந்ததே, அவன் எதற்குப் போய் அடி வாங்குகிறான் என்று நாய்க்குட்டிக்கும் தெரிந்தது உங்களுக்கு மட்டும் ஏன் தெரியாமல் போனது என்று கேட்டேன். குனிந்த தலையோடு, இன்னும் ஆறு ஊர்க் கமிட்டிகள் உன் படத்துக்காகக் காத்திருக்கின்றன என்று அவரே சொன்னார். ஜனவரியில் பெரிய மேடையில் நம் ஊரைத்தான் உதாரணமாகக் காட்டப் போகிறாயாமே. அந்த ஆறு ஊரிலும் ஓர் இவாவோ இருப்பான். அவனை வீட்டில் உட்கார வைக்கப் போகிறாய், அவனுக்குப் பெயர் இல்லை, எண்தான். அதற்காகத்தான் தம்பி பேச்சையும் புருஷன் பேச்சையும் மீறி எழுதுகிறேன். உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, உன்னைப் பெற்ற பெருமையும் இருக்கிறது, இரண்டும் ஒரே இடத்தில் வலிக்கிறது.

ஜனவரியில் அந்தப் படத்தை மறைக்காதே, காட்டு. பதினேழு என்பதை அழித்துவிட்டு இவாவோ என்று பெரிதாக எழுதிக் காட்டு, இது என் மாமா, இவரைப் பிடுங்கிவிட்டேன், அதனால் ஒருவன் செத்தான் என்று சொல். பரிசைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடு. வேலை போனால் வீட்டுக்கு வா, இங்கே ரத்தத்துணி துவைக்க ஆள் போதவில்லை. ஆனால் நீ அந்தக் கோட்டை மறுபடி எடுத்துப் பார்த்து, அடி எங்கே போய் முடிகிறது என்று கண்டுபிடிக்கிறவரை விடமாட்டாய், அதுவும் எனக்குத் தெரியும், அடுப்பில் போட்ட படத்தையே திரும்ப வரைந்தவள் நீ.

ஒன்று சொல்ல மறந்தேன். நீ அனுப்பிய படத்தை நோகாமியிடமிருந்து வாங்கி இவாவோ கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்திருக்கிறான். நர்ஸ் வந்தாலும் துடைக்கிற அம்மா வந்தாலும் நடுவில் இருக்கிற கரும்புள்ளியைக் காட்டி, "இது யாரு தெரியுமா? எம் மருமக வெளிநாட்டுல ஒக்காந்துகிட்டு போட்டது. இத்தன பேருல என்னத்தான் பெருசா போட்டிருக்கா" என்கிறான். அது அவன்தான் என்று உனக்கே தெரியாது என்பதை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை.

உடம்பு பத்திரம். சாமி உனக்குத் தெம்பும் நல்ல புத்தியும் கொடுக்கட்டும், நீ எடுத்த காரியத்தை நேராக முடிக்க வேண்டும் என்று கல்வாசலில் கும்பிட்டுக்கொண்டேன், அப்பாவும் கும்பிட்டார். கழுத்துத் துணியை மறக்காதே. மாமாவுக்கு இனிமேல் சாக்லேட் அனுப்பாதே, கடிக்கப் பல் இல்லை, நீயே கிளம்பி வா.

உன்னைப் பெற்ற அம்மா,
கினுயோ.